சோமசேகரம் கையால் கட்டியது

செய்தி வந்தபோது காலை ஆறு மணி ஐம்பது. பாண் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். சைக்கிளை மதிலில் சாத்தவில்லை. அது விழுந்த சத்தம் கேட்டு நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன்.

"பிள்ளை, சோமசேகரத்தைச் சுட்டுப்போட்டாங்கள்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பார்த்தனான். பேக்கரிச் சந்தியில கிடக்கிறான். முகத்தில சுட்டிருக்கிறாங்கள். சேர்ட்டைக் கண்டுதான் பிடிச்சனான்."

அந்தச் சேர்ட் அப்பாவினுடையது. முந்தின நாள் மாலை நான்தான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர் அவர்.

2006 ஓகஸ்ட் மாதம் அது. திருகோணமலையில் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போவது அன்றாடம் நடந்தது. பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. கணினி திருத்துபவர் என்று எழுதியிருந்தார்கள். வயதைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். அவருக்கு முப்பத்தெட்டு.

தம்பிராசா சோமசேகரம் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில் பிறந்தவர். அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது தகப்பனை வயலில் வைத்துச் சுட்டார்கள். சோமசேகரம் வாய்க்காலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்து அதைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வெளியில் ஏழு பேர். மறுநாள் மத்தியானம் வரை சடலங்களை எடுக்க விடவில்லை. வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து கல்லெறிந்து நாய்களை விரட்டியதாக ஒருமுறை சொன்னார். வேறு ஏதோ கதையின் நடுவில், ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு அதைச் சொன்னார்.

தொண்ணூறில் வீடு எரிந்தது. அகதி முகாமில் ரேடியோ திருத்தப் பழகினார். பிறகு வேலை தேடிக் கொழும்புக்குப் போனவரை ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்து எட்டு மாதம் தடுப்புக் காவலில் வைத்திருந்தார்கள். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லாமல் வந்தார். அந்த இரண்டையும் அவர் விசைப்பலகையில் வைப்பதில்லை. மற்ற எட்டு விரல்களால் என்னைவிட வேகமாகத் தட்டச்சுச் செய்வார். கலியாணம் முடித்தபின் கண்டி வீதியில் கப்பல்துறையில் குடியிருந்தார். மனைவி பெயர் புஷ்பவதி. பிள்ளைகள் இல்லை.

நகரத்தில் ஒரு சின்னக் கணினிக் கடை வைத்திருந்தார். ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்த நாள் கும்பல் வந்து கடைகளை எரித்தபோது அதுவும் எரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் கத்திக் குத்துடன் அவருடைய வாசலில் விழுந்து செத்தார். அந்த மனிதரை இழுத்து உள்ளே போட முயன்றதில் சோமசேகரத்தின் ஒரு கை தோள்வரை வெந்துபோனது. எரிந்த இடத்திலிருந்து அவர் எடுத்து வந்தது ஒரு பெட்டி சீடிக்கள். லினக்ஸ் மென்பொருள்களின் மூல நிரல்கள் அதில் இருந்தன.

"கொம்பியூட்டரை எடுக்காமல் சீடியை எடுத்தனீங்களே அண்ணை?" என்று கேட்டேன்.

"கொம்பியூட்டர் எங்கயும் வாங்கலாம் மலர். இஞ்ச இன்டர்நெட்டில ஒரு மூல நிரலை இறக்க மூண்டு நாள் வேணும். அதுக்குள்ள ஒருக்காக் கரண்ட் போகும், ஒருக்காக் குண்டு வெடிக்கும்."

என் பெயர் இராசமலர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் சேர்ந்து அமைத்த ஒரு நிவாரணக் குழுவில் பெயர் பதியும் வேலை செய்தேன். துறைமுகப் பக்கம் பார்த்த ஓர் அறை, ஒரு சேர்வர், இரண்டு கணினிகள். இடம்பெயர்ந்தவர்களில் யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அந்தச் சேர்வரில் இருந்தது. கடை எரிந்தபின் அதைப் பார்த்துக்கொண்டவர் சோமசேகரம்.

லினக்ஸில் மென்பொருளை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, பொதி முகாமை என்ற நிரல் மூலம். ஆயத்தமாகக் கட்டிய பொதிகளை அது எடுத்து நிறுவும். ஒரு மென்பொருளுக்கு இன்னொன்று தேவை என்றால் அதையும் தானே கொண்டுவந்து போடும். எதை எங்கே வைத்தேன் என்று பதிந்து வைத்திருக்கும். மற்றது, மூல நிரலை எடுத்து நாமே நமது கணினியில் கட்டுவது. அப்படிக் கட்டியதைப் பற்றிப் பொதி முகாமைக்கு எதுவும் தெரியாது.

"இந்தப் பொதி முகாமை ஊர் விதானையார் மாதிரி, ஆக்களின்ர பேர்ப் பதிவு அவனிட்டத்தான்," என்றார் சோமசேகரம், எங்களிடம் வேலைக்கு வந்த முதல் வாரம். "அவன்ர இடாப்பில பேர் இல்லாட்டி, முன்னால நிண்டு கும்பிட்டாலும் ஆள் இல்லை. நல்லவன். ஆனா விதானையார்."

"அப்ப ஏன் அவனிட்டச் சொல்லாமல் கட்டுறீங்கள்?"

"அவனிட்ட இருக்கிற தரவுத்தளம், பேரெல்லாம் வைக்கிற மென்பொருள், பழசு. தமிழ்ப் பேரைக் குடுத்தால் வரிசைப்படுத்தத் தெரியாது. அதுதான் புதுசை நானே கட்டினனான். அவன்ர வளவுக்குள்ள நான் கை வைக்கமாட்டன். எங்கட வளவு பக்கத்தில தனிய இருக்குது. வேலி தாண்டாமல் இருந்தால் ரண்டு பேருக்கும் சண்டை இல்லை."

அந்தத் தரவுத்தளத்தைக் கட்ட ஆறு மணித்தியாலம் எடுத்தது. நடுவில் இரண்டு தரம் மின்சாரம் போய் முதலிலிருந்து தொடங்கினார். கையால் கட்டிய ஒவ்வொன்றின் கோப்புகளையும் வைக்கத் தனி அடைவு. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் அவற்றை எழுதி வைத்தார்: எந்த மூலம், எந்தத் திகதி, என்ன தெரிவுகள், எப்படி அகற்றுவது. புதிதாக எதை நிறுவுவதென்றாலும் முதலில் அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் வைத்த சட்டம்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டது. எங்கள் பக்கக் கரையிலிருந்து இராணுவம் ஏவிய மல்ரிபரல் ஷெல்கள் குடாவைத் தாண்டி விழுந்தன. ஒவ்வொரு தொகுதி போகும்போதும் அறையின் கண்ணாடிகள் நடுங்கின. ஒன்று உடைந்து என் மேசையில் கொட்டியது. அதைத் தட்டிவிட்டுப் பெயர் பதிந்தோம். மூதூர்ச் சனம் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. வழியிலும் ஷெல் விழுந்தது. முகாம்களிலிருந்து எழுதி வந்த தாள்கள் சிலவற்றில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. பிரித்தெடுக்கும்போது பெயர்கள் கிழிந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, சோமசேகரம் வராத நாள், முகாம்வாரியாக அச்சிட்ட பட்டியல் மறுநாளைக்கு வேண்டும் என்று மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து கேட்டார்கள். அதற்கான அறிக்கை மென்பொருள் எங்களிடமிருந்த சீடியில் பொதியாக இருந்தது. நிறுவச் சொன்னேன். இதற்கு வேறு நான்கு பொதிகளும் தேவை, அவற்றையும் போடட்டுமா என்று பொதி முகாமை கேட்டது. நான்கின் பெயரையும் காட்டியது. மூன்றாவது பெயர் தரவுத்தளம். அதை நான் வாசித்தேன். நம்மிடம் இருப்பதுதானே என்று நினைத்தேன். ஓம் என்று அழுத்தினேன். கொப்பி மேசை இலாச்சியில் இருந்தது. திறக்கவில்லை.

இரவு மின்சாரம் போனது. புதன் காலை சேர்வரை மீண்டும் போட்டபோது, பொதி முகாமை கொண்டுவந்த வெறும் தரவுத்தளம் முதலில் எழும்பி, தேடல்கள் வந்து சேரும் வாசலைப் பிடித்துக்கொண்டது. சோமசேகரம் கட்டியது அதன் பின்னால் வந்தது. ஒரே வாசலை இரண்டு பேர் பிடிக்க முடியாது. அது எழும்பாமல் கிடந்தது. அதனுள்ளே பதினோராயிரம் பெயர்கள்.

தேடும் பக்கம் திரையில் வழமைபோலத் தெரிந்தது. பெயரைக் கொடுத்தால் "பதிவில் இல்லை" என்று காட்டியது.

ஒன்பது மணிக்கு மூதூர்க்காரரான அலியார் காக்கா வந்தார். அறுபது வயதிருக்கும். மனைவி ஆமினா உம்மாவைத் தேடினார். தேடிப் பார்த்து இல்லை என்றேன்.

"வடிவாப் பாருங்க மகள். கால் ஏலாத மனிசி."

மறுபடி பார்த்தேன். இல்லை.

"அப்ப அவ வெளிக்கிடயில்ல. ஊட்டுலதான் கிடக்கா," என்றார். யோசித்துப் பேசியவராகத் தெரியவில்லை. முடிவெடுத்தவராகத் தெரிந்தார். சால்வையை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸைக் கேட்டுப் போனார். கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு ஒரு வழி உண்டு.

மத்தியானத்துக்குள் பதினொரு பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மணிக்கு றஹ்மா வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. மூதூரிலிருந்து நடந்த கூட்டத்தில் ஷெல் விழுந்தபோது புருசன் அவள் முன்னாலேயே இரண்டாகப் போனான். கையில் பிடித்திருந்த நாலு வயது மகள் ஸல்ஹா அந்தப் புகையில் இல்லாமல் போனாள். காயப்பட்டவர்களோடு இவளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள்.

தட்டினேன். பதிவில் இல்லை.

"சரி அக்கா. நான் நாளைக்கு விடிய மூதூருக்குப் போறன்."

"அங்க இன்னும் ஷெல் அடிக்கிறாங்கள்."

"பிள்ளை ரோட்டுல கிடந்தா நாய் சும்மா விடுமா?"

என்ன செய்கிறேன் என்று தெரியாமல், முந்தின நாள் நானே பதிந்த ஒரு பெயரைத் தட்டினேன். பதிவில் இல்லை. இன்னொன்று. இல்லை. அவளை இருக்கச் சொல்லிவிட்டுச் சோமசேகரத்துக்குப் போன் எடுத்தேன்.

"என்ன போட்டனீங்கள்?" என்றார் முதல் கேள்வியாக.

சொன்னேன்.

"தரவு ஒண்டும் ஆகாது. அது எங்கட வளவுக்குள்ளதான் கிடக்குது. ஒண்டையும் அழியாதேங்கோ. சேர்வரைத் தொடாதேங்கோ. வாறன்."

"ஆறு மணிக்கு ஊரடங்கு அண்ணை. போனிலயே சொல்லித் தாங்கோவன்."

"எட்டுக் கட்டளையைப் போனில சொல்லி நீங்கள் ஒண்டைப் பிழையா அடிச்சால்?" என்றவர், றஹ்மா மூதூருக்குப் போகப்போவதைச் சொன்னதும், "அந்தப் பிள்ளையை எங்கயும் போக விடாதேங்கோ," என்றார்.

கப்பல்துறையிலிருந்து சைக்கிளில் வந்தார். மூன்றே முக்காலுக்கு வந்தபோது கீழுதடு பிளந்து இரத்தம் சேர்ட்டில் வடிந்திருந்தது. பையில் இருந்த வயர்த் துண்டைக் கண்டு ஒரு சோதனைச் சாவடியில் துப்பாக்கிப் பிடியால் அடித்திருக்கிறார்கள். முழங்காலில் ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்தார்களாம்.

"வயர் எதுக்கு எண்டு கேட்டான். கொம்பியூட்டருக்கு எண்டன். கொம்பியூட்டர் எங்க எண்டான். எரிச்சுப்போட்டாங்கள் எண்டன். அது அவனுக்குப் பகிடியாப் படேல்லை." துவாயை உதட்டில் அழுத்திக்கொண்டே திரையின் முன் குந்தினார். "என்ன மலர், ஊருக்கே இல்லை எண்டு சொல்லிப்போட்டியளோ?"

எனக்கு அழுகை வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கட பிழை பாதிதான். மற்றப் பாதி என்ர. தரவுத்தளம் பதில் தராட்டியும் 'இல்லை' எண்டு காட்டத்தான் இந்தப் பக்கத்தை எழுதி வைச்சிருக்கிறன். தெரியாது எண்டு சொல்லப் பழக்கேல்லை."

பொதி முகாமை போட்டதை நிறுத்தினார். அது இனித் தானாக எழும்பாதபடி செய்தார். தான் கட்டியதை எழுப்பினார். எட்டுக் கட்டளைகள், ஐந்து நிமிடம். துறைமுகப் பக்கமிருந்து அடுத்த தொகுதி ஷெல் கிளம்பி, மேசை அதிர்ந்தது. றஹ்மா காதைப் பொத்தவில்லை. திரையையே பார்த்தபடி நின்றாள்.

"பேர் என்ன தங்கச்சி?"

"ஸல்ஹா. நாலு வயது."

பெயர் வந்தது. கந்தளாயில் ஒரு பள்ளிக்கூட முகாம். லைலா என்ற பெண்ணின் பொறுப்பில். காயம் இல்லை. தாய் தகப்பன் பற்றிய விபரம் தெரியாது.

றஹ்மா திரையைத் தொட்டாள். கட்டுப் போட்ட கையாலேயே தொட்டாள். பிறகு நிலத்தில் குந்தி, சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"கந்தளாய்க்கு நாளைக்குக் காலமை பள்ளிவாசலின்ர வான் ஒண்டு போகுது," என்றார் சோமசேகரம். "மூதூருக்கு இல்லை. விளங்குதோ? கந்தளாய்க்கு."

"ஓம் நானா. கந்தளாய்க்கு," என்றாள், சொந்த அண்ணனுக்குச் சொல்வதுபோல.

அடுத்து நான் ஆமினா உம்மாவைத் தட்டினேன். இருந்தார். அதே கந்தளாயில், இன்னொரு முகாமில். கிண்ணியாவில் எங்களுக்குத் தெரிந்த கலீலுர் றஹ்மான் என்ற கடைக்காரருக்குப் போன் எடுத்து, அலியார் காக்காவை மறிக்கச் சொன்னோம். அவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார். கிழவர் மத்தியானமே மீன்காரர் ஒருவருடன் தோணியில் போய்விட்டார். மூன்றாம் நாள் அவரை மூதூர்க் கரையில் கண்டெடுத்தார்கள். தலையில் கட்டிய சால்வையாலேயே பிளந்திருந்த தலையைச் சேர்த்துக் கட்டித்தான் தூக்கினார்கள் என்று கலீலுர் றஹ்மான் சொன்னார்.

மற்றப் பத்துப் பேரில் ஏழு பேரை அன்று மாலைக்குள் தேடிப் பிடித்துச் சரியான பதிலைச் சொன்னோம்.

நாலரைக்கு நான் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"இப்ப நான் வேலியை மட்டும்தான் திருப்பி நட்டிருக்கிறன். நாளைக்கு ஆரோ ஒராள் வேற பொதியைக் கேட்பார். பொதி முகாமைக்காரன் திரும்பத் தரவுத்தளம் இல்லை எண்டு கொண்டுவந்து போடுவான். அவன்ர இடாப்பில எங்கட ஆளுக்கு ஒரு பேர் எழுதவேணும்."

ஒரு வெறும் பொதியைக் கட்டத் தொடங்கினார். உள்ளே ஒன்றும் இல்லாத பொதி. தரவுத்தளம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று பொதி முகாமைக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அதை நிறுவிவிட்டால் அது வேறொன்றைக் கொண்டுவராது. ஒரு சின்னக் கோப்பில் பெயர், பதிப்பு, பொறுப்பாளர் என்று வரிவரியாக எழுதவேண்டும். பாதியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஐந்தரை ஆகிவிட்டது. கப்பல்துறைக்குப் போய்ச் சேர நேரமில்லை. லிங்கநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

அப்பா அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். உதட்டுக்கு மருந்து வைத்தார். சாப்பிடும்போது பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால், விடிய இராணுவம் வளைத்துச் சோதிக்கும் ரவுண்டப் என்று கதைக்கிறார்கள் என்றார். வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயர் எழுதி, படம் ஒட்டி, முத்திரை குத்திய பட்டியல் இருந்த காலம். எங்களுடையதில் அப்பாவும் நானும் மட்டும். ஜூலையில் எங்கள் ஒழுங்கையில் பட்டியலில் இல்லாத ஒரு மருமகனைக் கண்டு, அவனையும் மாமனாரையும் கொண்டுபோனார்கள். மாமனார் கிணற்றில் கிடந்தார்.

அப்பா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஐயா, நான் அஞ்சு மணிக்கு ஊரடங்கு எடுத்த உடன வெளிக்கிடுறன்," என்றார் சோமசேகரம். "உங்கட இடாப்பில இல்லாத பொதி நான்." என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்து நிறுத்திக்கொண்டார்.

"வெளிச்சம் வந்தாப்போல போங்கோவன் தம்பி," என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

இருங்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஐந்து இருபதுக்கு அவர் புறப்பட்டார். அந்த நேரத்தில் வீதியில் தனியாகப் போனவர் அவர் ஒருவர்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், முகம் மூடிய ஹெல்மெற். முதலில் முதுகில் சுட்டார்கள். விழுந்தபின் இறங்கி வந்து, புரட்டிப் போட்டு முகத்தில் சுட்டார்கள். பேக்கரிக்காரர் கதவிடுக்கால் பார்த்தார். யார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. ஏன் என்றும் தெரியாது. முந்தின நாள் சாவடியில் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அன்று ரவுண்டப் வரவில்லை.

புஷ்பவதி அக்கா பிணவறையில் அவரைக் கையை வைத்துத்தான் அடையாளம் காட்டினார். நகமில்லாத இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டு, "என்ன அவசரமெண்டு கூப்பிட்டனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். ஒரு பிள்ளையைத் தேட என்றேன்.

"கிடைச்சதோ?"

"ஓம் அக்கா."

அவர் அந்த விரல்களைத் துணிக்குள் வைத்து மூடினார்.

வியாழன் பின்னேரம் கந்தளாயிலிருந்து றஹ்மா போன் எடுத்தாள். ஸல்ஹா அவள் மடியில் இருந்தாள். "அந்த நானாவிட்டக் குடுங்க அக்கா, புள்ள கதைக்கட்டும்," என்றாள். அவர் வெளியே போய்விட்டார் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை சேர்வரைத் திறந்து, அவர் கடைசியாகச் சேமித்த கோப்பைப் பார்த்தேன். பொதியின் பெயர் இருக்கிறது. பதிப்பு இலக்கம் இருக்கிறது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார். விளக்கம் என்ற வரியில் எதுவும் எழுதப்படவில்லை. அந்த வரியை எழுதாமல் பொதியைக் கட்ட முடியாது.